துளசியா, நாய்த்துளசியா? மூலிகைச் செடியை டிஎன்ஏ கொண்டு இனம் பிரிக்க முதல்முறை இறங்குவோருக்கு

நாட்டு மருந்துக்கடையில் கீழாநெல்லி என்று கேட்டு வாங்கும் பொட்டலத்துக்குள் கீழாநெல்லியின் உறவுச் செடிகள் இரண்டு மூன்றாவது கலந்திருக்கக்கூடும். சருகாகி நொறுங்கிய சரக்கில் பூவையும் காயையும் பார்த்து இனம் சொல்ல வழியில்லை. டிஎன்ஏ பார்கோடு உதவுவது அந்த இடத்தில்தான். செடியின் மரபுப் பொருளில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை வாசித்து, பெயர் உறுதியான செடியின் வரிசையோடு ஒப்பிடுவதே முறை.

கேட்க எளிது. ஆனால் இதில் பணமும் மாதங்களும் கரைவது பெரும்பாலும் ஆய்வகத்துக்குள் அல்ல. செடிக்குப் பெயர் வைக்கும் இடத்திலும், கடைசியில் கணினித் திரையின் முதல் வரியை அப்படியே நம்பும் இடத்திலும்தான். ஆகவே அந்த இரண்டைப் பற்றியும் கூடுதலாகவே சொல்கிறோம். கணக்கெல்லாம் சுமார் 20 மாதிரிகளுக்கு. முதுநிலை மாணவருக்கும் சிறிய மூலிகை நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுக்காரருக்கும் அது பொருந்தும்.

1. கேள்வியை எழுதிவிட்டு மார்க்கரைத் தேடுங்கள்

எந்த மார்க்கர் (அதாவது டிஎன்ஏவில் வாசிக்க எடுக்கும் பகுதி) நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

வெவ்வேறு குடும்பச் செடிகள் என்றால் வேலை சுலபம். வடநாட்டில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் ஒரே 'பிராமி' என்ற பெயரில் விற்கின்றன. இரண்டும் உறவே இல்லாதவை. பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் பகுதி ஒன்றே இவற்றைப் பிரித்துவிடும்.  2009இல் தாவரங்களுக்கான அடிப்படைப் பார்கோடாக ஆர்பிசிஎல், மேட்கே இரண்டும் சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்டன. மேட்கேயின் பிரைமர்கள் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பல குடும்பங்களில் ஒட்டாமல் அடம்பிடிக்கும். முதல் திட்டத்திலேயே அதைச் சேர்க்காதீர்கள்.

ஒரே பேரினத்துக்குள் என்றால் ஆர்பிசிஎல் போதாது. துளசி (ஆசிமம் டெனுயிஃபுளோரம்), சப்ஜா விதை தரும் திருநீற்றுப் பச்சிலை (ஆசிமம் பாசிலிகம்), நாய்த்துளசி (ஆசிமம் அமெரிக்கானம்) மூன்றும் அதில் ஏறக்குறைய ஒரே முகம் காட்டும். இங்கே உட்கருவில் உள்ள ஐடிஎஸ்2 ஒன்றும், பசுங்கணிகத்தின் டிஆர்என்எச்-பிஎஸ்பிஏ இடைவெளி ஒன்றும் எடுங்கள். மருந்துச் செடிகளுக்கு ஐடிஎஸ்2ஐப் பொதுப் பார்கோடாக 2010இல் முன்வைத்தார்கள். இன்று இத்துறையில் அதிகம் புழங்குவது அதுதான்.

ஒரே இனத்துக்குள் என்றால் பார்கோடையே மறந்துவிடுங்கள். ராமதுளசி, கிருஷ்ணதுளசி இரண்டும் ஆசிமம் டெனுயிஃபுளோரம்தான். இந்த இரண்டையும் ஐடிஎஸ்2 பிரிக்கும் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, இரண்டு வரிசையும் ஒன்றாக வந்ததும் ஆய்வகத்தைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது. அதற்கான வழி 8ஆம் படியில்.

கலப்பினம் தனி வம்பு. எலுமிச்சை மணம் வீசும் துளசி வகை ஒன்று, ஆசிமம் ஆப்பிரிக்கானம், திருநீற்றுப் பச்சிலையும் நாய்த்துளசியும் கலந்து பிறந்தது. பசுங்கணிகம் தாய் வழியில் வருவதால் அந்த மார்க்கர் தாய்ச் செடியின் பெயரை மட்டும் சொல்லும். பெப்பர்மின்ட் புதினாவும் இப்படிப்பட்ட கலப்பினமே. கலப்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உட்கரு மார்க்கர் கட்டாயம்.

2. காகித வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

ஒப்பீட்டுச் செடி ஒவ்வொன்றுக்கும் ஹெர்பேரியத் தாளும் (செடியை உலர்த்தி ஒட்டிப் பாதுகாக்கும் தாள்) அதன் எண்ணும் வேண்டும். இது இல்லாத வரிசையை எந்த ஆய்விதழும் சீண்டாது. தமிழ்நாட்டில் இதற்குப் பலரும் நாடும் இடங்கள்: கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம். அடையாளச் சான்றுக்கு எத்தனை நாள், என்ன கட்டணம், எத்தனை பிரதி என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நான்கு வாரம் ஒதுக்குங்கள். சான்று கைக்கு வருமுன் சீக்வென்சிங்குக்கு (எழுத்து வரிசையை வாசிப்பதற்கு) பணம் கட்ட வேண்டாம்.

காப்புக்காட்டில் பறிப்பதென்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு இலை என்றாலும் வேண்டும். வயல் வரப்பு, வீட்டுத் தோட்டம், நாற்றங்கால் என்றால் உரிமையாளரின் சம்மதம் போதும். துளசிக்கும் கீழாநெல்லிக்கும் காட்டுக்குள் போகத் தேவையே இல்லை.

வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் செடியையோ, பிரித்தெடுத்த டிஎன்ஏவையோ அனுப்ப நினைத்தால் அங்கே நின்றுகொள்ளுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் 2023இல் வந்த திருத்தமும் அதில் குறுக்கே வரும். தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. அங்கே கேட்டுத் தெளிந்த பிறகுதான் அஞ்சல் உறை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தாலும் அதே கதவைத் தட்ட வேண்டும்.

3. பறிப்பது, உலர்த்துவது

ஒவ்வொரு இனத்துக்கும் வெவ்வேறு ஊர்களிலிருந்து குறைந்தது 3 செடிகள். 5 என்றால் நிம்மதி. ஒரே தொட்டியில் நின்ற ஐந்து செடி ஐந்து மாதிரி ஆகாது.

பூவோடு பறியுங்கள். கீழாநெல்லியில் ஏன் என்பது பத்து மடங்கு காட்டும் கைலென்ஸில் தெரியும். கிளையைத் திருப்பினால் இலைக் கக்கத்தில் பூக்கள் தொங்கும். ஃபைலாந்தஸ் அமாரஸ் என்ற சரியான கீழாநெல்லியில் பூவிதழ்கள் 5. ஒரே கக்கத்தில் ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்திருக்கும். ஃபைலாந்தஸ் டெபிலிஸில் இதழ்கள் 6. சிவப்புக் கீழாநெல்லியான ஃபைலாந்தஸ் யூரினேரியாவில் காயின் மேல் சொரசொரவென்று முண்டு தட்டும். மேலாநெல்லியின் இலை அடி குறுகி ஆப்பு வடிவில் இருக்கும். உலர்ந்து கொட்டிய பிறகு இதில் எதையும் பார்க்க முடியாது.

துளசியில் மணத்தையும் தண்டின் நிறத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கிராம்பு மணமா, கற்பூர மணமா, எலுமிச்சையா? தாளில் ஒட்டிய ஆறு மாதத்தில் எல்லாம் வைக்கோல் வாசனைதான். உள்ளூர்ப் பெயரை எழுதுங்கள், ஆனால் நம்பாதீர்கள். நாய்த்துளசி, காட்டுத்துளசி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும்.

டிஎன்ஏவுக்கான இலை தனி. நுனியிலிருந்து இரண்டாம் மூன்றாம் இளம் இலைகள், பூச்சி அரிக்காதவை, ஈரத் துணியால் துடைத்தவை. காபி வடிகட்டும் தாளில் மடித்து, இலையின் எடையைப் போல 10 மடங்கு சிலிக்கா ஜெல்லோடு சிப் பையில் போடுங்கள். 24 மணி நேரத்தில் இலை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். நிறம் மாறும் சிலிக்காவில் நீலத்தைத் தவிர்த்து ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. பழைய சிலிக்காவைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம், போன செடியின் இலைத்தூள் அதில் இல்லாதவரை.

ஹெர்பேரியத் தாளுக்குப் போகும் செடிக்குப் பூச்சி அரிக்காமல் நச்சு மருந்து பூசுவார்கள். டிஎன்ஏ இலையை அதற்கு முன்பே கிள்ளிவிடுங்கள்.

கடைச் சரக்கு என்றால் ஒரு பொட்டலம் ஒரு மாதிரி அல்ல. கீழாநெல்லிக் கட்டைப் பிரித்துப் போட்டு, தண்டு தண்டாக 5 முதல் 10 செடிகளைத் தனித்தனியே எண்ணிடுங்கள். முழுதும் சேர்த்து அரைத்தால் கலப்படம் இருப்பதே தெரியாமல் போகும். பெரும்பான்மைச் செடி மட்டும் பேசும். சூரணம் போன்ற கலவைப் பொடிக்கு இந்த முறை ஆகவே ஆகாது. காய்ச்சிய கஷாயத்துக்கும் ஆவியில் வடித்த எண்ணெய்க்கும் டிஎன்ஏவை நம்பி இறங்காதீர்கள்; அவற்றுக்கு வேதியியல் சோதனைதான்.

4. டிஎன்ஏ பிரித்தல்: பிசின்தான் எதிரி

விலையுயர்ந்த கிட் இல்லாமலே, சிடிஏபி என்ற சலவைப்பொருளைக் கொண்டு பிரிக்கும் முறையில் நன்றாக வரும். கரைசல்: சிடிஏபி 2%, சோடியம் குளோரைடு 1.4 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஎச் 8.0, இடிடிஏ 20 மில்லிமோலார், பிவிபி 2%. மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தும் அன்று மட்டும் 0.2% சேருங்கள்.

துளசிக் குடும்பத்தில் இரண்டு தொல்லை. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் வழுவழுவென்று ஊதுமே, அதுபோன்ற மாவுப்பிசின் ஒன்று. காற்றுப் பட்டதும் பழுப்பாகும் பாலிஃபீனால் இன்னொன்று. முதலாவது டிஎன்ஏவோடு சேர்ந்து இறங்கிக் கோந்தாக நிற்கும்; இரண்டாவது டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு பிசிஆரை (டிஎன்ஏவைப் பெருக்கும் வினையை) நிறுத்திவிடும். பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் இரண்டாவதற்காக. முதலாவதற்கு சார்பிட்டால் கழுவல்.

உலர்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். அதிகம் போட்டால் அதிக டிஎன்ஏ வராது, அதிகப் பிசின்தான் வரும். நன்றாகப் பொடித்து, 1 மில்லிலிட்டர் சார்பிட்டால் கரைசலில் (சார்பிட்டால் 0.35 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், இடிடிஏ 5 மில்லிமோலார், பிவிபி 1%) கலக்கி, 5,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டுங்கள். மேல்நீர் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீர் போல வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு முறை.

பிறகு 65 டிகிரிக்குச் சூடாக்கிய சிடிஏபி 700 மைக்ரோலிட்டர் ஊற்றி, 45 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஆறியதும் சம அளவு குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால், 24:1 விகிதம். புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறவுங்கள். 12,000 ஜியில் 10 நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலடுக்கு மட்டும் வேண்டும். நடுவில் நிற்கும் வெள்ளைத் திரையைப் பிப்பெட் தொட்டுவிட்டால் மறுபடி சுழற்றுங்கள். முழுவதும் உறிஞ்சும் ஆசையில் கடைசி 50 மைக்ரோலிட்டரோடு திரையையும் இழுப்பது புதியவர்கள் அனைவரும் செய்வது, விட்டுவிடுங்கள்.

மேலடுக்கில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த ஐசோபுரொப்பனால். ஒரு மணி நேரத்துக்கு மேல் உறைபெட்டியில் வைக்காதீர்கள். நேரம் கூடக் கூட உப்பும் பிசினும்தான் இறங்கும். சுழற்றி, 70% எத்தனாலில் இருமுறை கழுவி, வாடை போகும்வரை உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் டிரிஸ் 10 மில்லிமோலாரில் கரையுங்கள். கூட வந்த ஆர்என்ஏவைச் சிதைக்க ஆர்என்ஏஸ் நொதி 2 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் அரை மணி.

நானோடிராப் என்ற ஒளி அளவீட்டுக் கருவியில் 260/280 விகிதம் 1.8க்கு அருகே இருந்தால் புரதம் போய்விட்டது என்று பொருள். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு 260/230ஐப் பார்க்காமல் விடுவார்கள். பிசினைக் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்; 1.8 முதல் 2.2 வரை நல்லது, 1க்குக் கீழே போனால் பிசிஆரில் சிக்கல் வரும். 20 மாதிரிக்கு இரண்டு முழு நாள் ஆகும்.

5. பிசிஆர்

25 மைக்ரோலிட்டர் கலவை: இருமடங்கு மாஸ்டர்மிக்ஸ் 12.5, ஒவ்வொரு பிரைமரும் 10 மைக்ரோமோலாரில் 1, பிஎஸ்ஏ (மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம்) 1, டிஎன்ஏ 1, நீர் 8.5. பிஎஸ்ஏ என்ற புரதம் மிச்சமிருக்கும் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். மூலிகைகளுக்கு இதைத் தவிர்க்க வேண்டாம்.

94 டிகிரியில் 5 நிமிடம். பின் 94இல் 30 வினாடி, 56இல் 30 வினாடி, 72இல் 45 வினாடி என 35 சுற்று. கடைசியில் 72இல் 10 நிமிடம். நடுவில் உள்ள 56 ஐடிஎஸ்2க்கு; டிஆர்என்எச்-பிஎஸ்பிஏவுக்கும் ஆர்பிசிஎல்லுக்கும் அந்த இடத்தில் 55 டிகிரி.

ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது பட்டை (பெருகிய டிஎன்ஏ நிற்கும் கோடு) வராவிட்டால் கை தானாக டிஎன்ஏ அளவைக் கூட்டப் போகும். தவறு. குறையுங்கள். 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து மறுபடி ஓட்டினால் பாதிக்கு மேல் வந்துவிடும். தடுப்புப் பொருளும் சேர்ந்து நீர்க்கிறது என்பதே காரணம். அதற்கும் வராவிட்டால்தான் அந்த நடு வெப்பநிலையை 2 டிகிரி இறக்குவது.

டிஎன்ஏவுக்குப் பதில் நீர் விட்ட குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். அதில் மங்கலாகக்கூடப் பட்டை தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுதும் குப்பைக்கு. செலவாகிறதே என்று பார்த்தால் பிறகு ஆறு செடியும் ஒரே வரிசை காட்டும்.

6. சீக்வென்சிங் ஆர்டரும் செலவும்

20 மாதிரி, 2 மார்க்கர், முன்னும் பின்னும் 2 திசை: 80 வினைகள். ஐந்தில் ஒன்று மறுஓட்டம் என்று வைத்தால் இன்னும் 16. மொத்தம் 96, சரியாக 96 குழி கொண்ட ஒரு தட்டு. இதை மனத்தில் வைத்தே மாதிரி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஒரு வினைக்குச் சில நூறு ரூபாய் என்பதால் திட்டத்தின் பெருஞ்செலவு இதுதான். ஒரு திசை மட்டும் ஓட்டிப் பாதிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அப்படி மிச்சம் பிடித்தவர்கள் சந்தேக எழுத்துக்காக இரண்டாம் முறை கூரியர் கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

விலைப்பட்டியல் வாங்கும்போது கேட்க வேண்டியவை: ஜிஎஸ்டி சேர்ந்த விலையா? பிசிஆர் பொருளைச் சுத்தம் செய்வது உள்ளடங்குமா, தனிக் கட்டணமா? வினை தோற்றால் இலவச மறுஓட்டம் உண்டா? வண்ண மலைமுகடுகள் தெரியும் மூலக் கோப்பு தருவார்களா, வெறும் எழுத்துக் கோப்பா? மூலக் கோப்பு தராத இடத்தில் கொடுக்காதீர்கள்.

பிரைமர்கள் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை. நான்கு பிரைமருக்கும் சேர்த்து ஏறக்குறைய 90 எழுத்து. வாங்கினால் ஆயிரம் வினைக்கு மேல் வரும் என்பதால் நண்பர்களோடு பங்கிட்டுக்கொள்ளலாம்.

நேரம்: சேகரிப்பும் சான்றும் 6 வாரம், டிஎன்ஏ 1 வாரம், பிசிஆர் 2 வாரம், சீக்வென்சிங் 2 வாரம், மறுஓட்டம் 2 வாரம், ஒப்பீடு 2 வாரம். ஆக 15 வாரம். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் ஆய்வேடு கொடுக்க வேண்டிய மாணவர் செடிகளை மழைக்காலம் முடிவதற்குள்ளேயே பறித்து வைத்திருக்க வேண்டும். கீழாநெல்லி மழையை ஒட்டித்தான் தழைக்கும்.

7. வாசிப்பதும் பெயர் சொல்வதும்

முதலில் முகடுகளைக் கண்ணால் பாருங்கள். தொடக்கத்து 30, 40 எழுத்துகள் எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும், வெட்டுங்கள். தரமதிப்பு 20க்குக் கீழே உள்ள இரு முனைகளையும் வெட்டுங்கள்.

நடுவில் திடீரென்று எல்லாம் இரட்டை முகடாக மாறினால் எதிர்த்திசைக் கோப்பைத் திறந்து பாருங்கள். அதுவும் அதே இடம்வரை தெளிவாக வந்து, அதே இடத்திலிருந்து குழம்புகிறதா? அப்படியானால் கோளாறு இயந்திரத்தில் இல்லை. ஐடிஎஸ்2 என்றால் செடிக்குள் நீளம் வேறான இரண்டு பிரதிகள் இருக்கின்றன, கலப்பினமாக இருக்கலாம். டிஆர்என்எச்-பிஎஸ்பிஏ என்றால் டி எழுத்து வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வரும் இடத்தில் நொதி வழுக்கியிருக்கும். இரு பக்கத்துத் தெளிவான பாதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐடிஎஸ்2 பிரைமர்கள் இரு பக்கமும் 5.8எஸ், 26எஸ் மரபணுக்களின் துண்டையும் சேர்த்துக் கொண்டுவரும். அவை எல்லாச் செடியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வெட்டாமல் ஒப்பிட்டால் உறவில்லாத செடிகூட ஒற்றுமை கூடியதாகத் தெரியும்.

இனி பிளாஸ்ட்: ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு உங்கள் வரிசையை ஒப்பிடும் இணையக் கருவி. இங்கே மூன்று குழிகள்.

சருகுச் சரக்கில் பூஞ்சை இருக்கும். ஐடிஎஸ்2 பிரைமர் அதையும் பெருக்கும். ஜெல்லில் அழகான ஒற்றைப் பட்டை, தெளிவான முகடுகள், பெயர் மட்டும் அஸ்பர்ஜில்லஸ் என்று வரும். அந்த மாதிரிக்குப் பசுங்கணிக மார்க்கரை நம்புங்கள். பூஞ்சைக்குப் பசுங்கணிகம் இல்லை.

முதல் வரியில் 100% என்று ஒரு பெயர் வந்தால் கீழே இறங்கிப் பாருங்கள். அதே 100% இன்னும் நான்கு இனங்களுக்கு இருக்கும். அப்போது உங்கள் விடை பேரினம் மட்டுமே.

ஜீன்பேங்கில் ஒட்டியிருக்கும் பெயரைப் பதிவேற்றியவர்தான் வைத்தார்; யாரும் செடியைப் பார்த்துச் சரிபார்க்கவில்லை. கீழாநெல்லியில் இது பெரிய தலைவலி. ஃபைலாந்தஸ் நிருரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆனால் நம் நாட்டில் அமாரஸையும் டெபிலிஸையும் அந்தப் பெயரால் அழைத்தே தலைமுறைகள் ஓடிவிட்டன. ஆகவே இந்திய மாதிரிக்கு நிருரி என்று போட்டிருந்தால் அதை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். துளசிக்கு சாங்டம், டெனுயிஃபுளோரம் என்ற இரு பெயரும் ஒரே செடிதான். இரு இனம் என்று எண்ணி வேறுபாடு தேடாதீர்கள். ஹெர்பேரிய எண் குறிப்பிட்ட பதிவுகளை மட்டும் பொறுக்குங்கள். ஏற்கப்பட்ட பெயர் எது என்பதைக் கியூ தோட்டத்தின் உலகத் தாவரங்கள் தளத்தில் பார்க்கலாம்.

இவற்றோடு உங்கள் சொந்த ஒப்பீட்டுச் செடிகளையும் சேர்த்து மெகா மென்பொருளில் அடுக்கி, 1,000 பூட்ஸ்ட்ராப்போடு (கிளைகள் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் மறுமாதிரிச் சோதனை) உறவு மரம் வரையுங்கள். அழகான மரத்தை விட முக்கியமானது ஒரு எண்: ஒரே இனத்துக்குள் இருக்கும் மிகப்பெரிய வேறுபாட்டை விட, அடுத்த இனத்தோடு இருக்கும் மிகச்சிறிய வேறுபாடு பெரிதா? இல்லையென்றால் அந்த மார்க்கர் அந்த இணைக்கு உதவாது. அதை அப்படியே எழுதுங்கள்.

8. இனத்துக்குள் பிரிக்க வேண்டுமென்றால்

ராமதுளசி, கிருஷ்ணதுளசிக்கு ஐஎஸ்எஸ்ஆர் அல்லது எஸ்எஸ்ஆர்: டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்துத் தொடர்களை வைத்துப் பிரிக்கும் முறைகள். ஐஎஸ்எஸ்ஆருக்குச் சீக்வென்சிங் செலவே இல்லை. 2% அகரோஸ் ஜெல்லில் பட்டை உண்டு, இல்லை என்று 1, 0 எழுதுவதுதான். ஒவ்வொரு பிரைமரையும் இருமுறை ஓட்டி, இரண்டிலும் வந்த பட்டையை மட்டும் எண்ணுங்கள். ஆர்ஏபிடி என்ற இன்னொரு பட்டை முறை மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் பிரைமர் பத்தே எழுத்து, அடுத்த மேசையில் ஓட்டினாலே வேறு பட்டை வரும். துளசிக்குத் தேனீ மகரந்தம் கொண்டுவரும் என்பதால் விதையில் முளைத்ததைத் தாயின் பிரதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போத்து வைத்து வளர்த்த செடியே ஒப்பீட்டுக்கு.

9. அறிக்கையில் எழுதும் சொல்

கடைச் சரக்குக்கு 'போலி' என்று எழுதாதீர்கள். 'பொட்டலத்திலிருந்து எடுத்த 10 தண்டுகளில் 7இன் வரிசை ஃபைலாந்தஸ் அமாரஸ் ஒப்பீட்டு மாதிரியோடு பொருந்தியது, 3 ஃபைலாந்தஸ் டெபிலிஸோடு' என்ற வாக்கியம் போதும். வாங்கிய தேதியும் தொகுதி எண்ணும் உடன் இருக்கட்டும். டிஎன்ஏ சொல்வது செடியின் பெயர் மட்டுமே. மருந்துச் சத்து இருக்கிறதா, கெட்டுப்போனதா, ஈயம் கலந்ததா என்று அது சொல்லாது.

வரிசைகளை ஜீன்பேங்கில் ஏற்றும்போது ஹெர்பேரிய எண்ணுக்கென்று உள்ள கட்டத்தை நிரப்புங்கள். கட்டணம் இல்லை. வெளியிடும் தேதியைத் தள்ளி வைக்கவும் வசதி உண்டு. ஏற்றிய வரிசையின் பெயரைப் பின்னர் திருத்த வேண்டியிருந்தால் அதை ஏற்றியவரால்தான் முடியும். எனவே ஆய்வு முடித்துப் போன பிறகும் திறக்கக்கூடிய மின்னஞ்சலைக் கொடுங்கள், கல்லூரி தந்த மின்னஞ்சலை அல்ல.